கொத்தனார் மூலைமட்டம் கோமான் கழுத்தில்!

மூலைமட்டம் எதற்கு என்று கொத்தனாரைக் கேட்டால், சுவர் மூலை சரியாக நிற்கிறதா என்று பார்க்க என்பார். தூக்குக்குண்டு எதற்கு என்றால், சுவர் சாயாமல் எழும்புகிறதா என்று பார்க்க என்பார். உளியும் சுத்தியும் எதற்கு என்று கல்தச்சரைக் கேட்டாலும் இரண்டே சொல்லில் பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். கருவி வேலைக்கு, வேலை கூலிக்கு. இதிலே ரகசியம் என்ன இருக்கிறது?

ஆனால், இந்தக் கருவிகளை உலோகத்தில் நகையாகச் செய்து, பட்டுப் பட்டையில் கோத்து, கழுத்தில் மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிற ஒரு சங்கம் உலகத்தில் இருக்கிறது. அதன் பெயர் பிரீமேசன் சங்கம். "மேசன்" என்றால் கொத்தனார். அதன் கிளைக்கு "லாட்ஜ்" என்று பெயர். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற லாட்ஜை நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காலத்தில் கோயில் கட்டுகிற இடத்தில் கல்தச்சர்கள் வேலை செய்யவும் சாப்பிடவும் போட்டுக்கொண்ட கொட்டகைக்கு அதுதான் பெயர்.

லாட்ஜ் தலைவர் கழுத்தில் தொங்குவது மூலைமட்டம். அவருக்கு அடுத்தவர் கழுத்தில் மட்டப்பலகை. அதற்கும் அடுத்தவர் கழுத்தில் தூக்குக்குண்டு. எல்லோர் இடுப்பிலும், கல் உடைக்கிறவன் துணி கிழியாமல் முன்னால் கட்டிக்கொள்கிற தோல் ஏப்ரன். ஆனால் இது வெள்ளை ஆட்டுக்குட்டித் தோல். ஒரு பொட்டுச் சுண்ணாம்பு படாது. கட்டியிருப்பவர்கள் யார்? நீதிபதி, ராணுவ அதிகாரி, வியாபாரி, ஜமீன்தார், ராஜா வீட்டுப் பிள்ளை. இங்கிலாந்தின் ஏழாம் எட்வர்டு பட்டத்துக்கு வருமுன் 1874 முதல் 1901 வரை அந்நாட்டுப் பிரீமேசன்களுக்கெல்லாம் பெரிய தலைவராக இருந்தவர். அவர் எந்தச் சுவருக்குக் கல் எடுத்துக் கொடுத்தார்?

தோழர்களே! அவர்களுடைய ரகசியத்தைக் கண்டுபிடித்துச் சொல்ல இங்கே வரவில்லை. சாமுவேல் பிரிச்சர்டு என்பவர் 1730-லேயே லண்டனில் அவர்கள் சடங்குகளை அச்சுப்போட்டு விற்றுவிட்டார். நாம் கேட்கிற கேள்வி வேறு. உழைப்பாளியின் கருவி பிரபுவின் கழுத்துக்கு எப்படிப் போயிற்று? அது போனபோது உழைப்பாளி எங்கே போனான்?

கூலிக்காகக் கூடிய கூட்டம்

1348-இல் இங்கிலாந்தில் கொள்ளைநோய் புகுந்தது. ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மாண்டுபோனார்கள். ஆள் குறைந்தது, உழைப்பவன் கூலி உயர்த்திக் கேட்டான். நிலப்பிரபுக்கள் என்ன செய்தார்கள்? 1351-இல் கூலிச் சட்டம் கொண்டுவந்தார்கள். நோய்க்கு முன் என்ன கூலியோ அதற்கு மேல் ஒரு காசு கேட்கக்கூடாது, வாங்கக்கூடாது என்றார்கள். உழவனுக்கும் அதே சட்டம், கல்தச்சனுக்கும் அதே சட்டம்.

கல்தச்சர்கள் சும்மா இருக்கவில்லை. கூடிப் பேசினார்கள், கட்டுப்பாடு வகுத்தார்கள், ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொண்டார்கள். இது நமக்கு எப்படித் தெரியும்? அவர்களை ஒடுக்கப் போட்ட சட்டங்களே சாட்சி. கொத்தர்களும் தச்சர்களும் செய்துகொண்ட கட்டுகள், சத்தியங்கள் எதுவும் செல்லாது என்று 1360-இல் ஒரு சட்டம். கொத்தர்கள் ஆண்டுதோறும் கூட்டம் போடுவதால் கூலிச் சட்டம் பகிரங்கமாக மீறப்படுகிறது, இனிமேல் அப்படிக் கூட்டம் கூட்டுவது பெருங்குற்றம் என்று 1425-இல் இன்னொரு சட்டம்.

நன்றாகக் கவனியுங்கள். பிரபுக்கள் இன்று தங்கள் பரம்பரை என்று பெருமை பேசுகிற அந்தப் பழைய கொத்தர்கள், கூலிக்காகக் கூடியவர்கள். அதற்காகவே குற்றவாளிகள் ஆக்கப்பட்டவர்கள். அவர்கள் ரகசியமாகக் கூடினார்கள் என்றால் அது விளையாட்டுக்கு அல்ல. வெளியே தெரிந்தால் சிறை!

ஸ்காட்லாந்துக் கல்தச்சர்களிடம் "கொத்தன் சொல்" என்று ஒன்று இருந்தது. முறையாகத் தொழில் பழகியவனுக்கு அந்தச் சொல்லும் கைகுலுக்குகிற விதமும் தெரிந்திருக்கும். ஊர்விட்டு ஊர் வேலை தேடிப் போகும்போது அதைச் சொன்னால், இவன் நம் ஆள், தொழில் தெரிந்தவன் என்று அங்கிருப்பவர்கள் சேர்த்துக்கொள்வார்கள். இன்றைக்கு நம் கையில் இருக்கிற சங்கச் சீட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கனவான்கள் வந்தார்கள், கொத்தன் போனான்

17-ஆம் நூற்றாண்டில் இந்தக் கொட்டகைகளுக்குள் கனவான்கள் நுழைய ஆரம்பித்தார்கள். எலியாஸ் ஆஷ்மோல் என்ற படித்த கனவான் 1646 அக்டோபரில் வாரிங்டன் ஊரில் தன்னைப் பிரீமேசனாகச் சேர்த்துக்கொண்டதாக நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவர் உளி பிடித்தவர் அல்ல. 1717-இல் லண்டனில் ஒரு சாராயக் கடையில் நாலு லாட்ஜுகள் கூடி "பெரிய லாட்ஜ்" அமைத்ததாக அவர்களே சரித்திரம் சொல்கிறார்கள். 1721-இல் மாண்டேகு கோமகன் தலைவரானார். அதோடு நாற்காலி பிரபுக்கள் வசமாயிற்று.

1723-இல் விதிப் புத்தகம் அச்சாயிற்று. யார் சேரலாம்? சுதந்திரமாகப் பிறந்த ஆண்பிள்ளை சேரலாம். அடிமை சேரக்கூடாது, பெண் சேரக்கூடாது. இங்கிலாந்து சர்க்கார் தன் காலனிகளில் அடிமைமுறையைச் சட்டத்தால் ஒழித்தபிறகும், அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்றவனுக்கு இந்த விதி குறுக்கே நின்றது. "சுதந்திரமாகப் பிறந்தவன்" என்பதைச் "சுதந்திர மனிதன்" என்று திருத்த 1847 வரை ஆயிற்று. பெண்களுக்கு இங்கிலாந்துப் பெரிய லாட்ஜில் இன்றுவரை இடமில்லை. ஆணும் பெண்ணும் சேரும் தனி ஸ்தாபனம் 1893-இல் பாரிசில் தொடங்கியது. அன்னி பெசன்ட் அம்மையார் 1902-இல் அதில்தான் சேர்ந்தார். பெரிய லாட்ஜ் அதை அங்கீகரிக்கவே இல்லை.

பாட்டாளி போனபிறகு கருவியை என்ன செய்வது? உபதேசம் செய்தார்கள்! மூலைமட்டம் என்றால் நேர்மையாம். மட்டப்பலகை என்றால் சமத்துவமாம். கரடுமுரடான கல் என்பது பக்குவப்படாத மனிதனாம். செதுக்கிய கல் பக்குவப்பட்டவனாம். 24 அங்குல அளவுகோல் ஒரு நாளின் 24 மணி நேரமாம். அமெரிக்க லாட்ஜுகளில் அதை மூன்று சமபாகமாக்கிச் சொல்வார்கள்: எட்டு மணி கடவுளுக்கும் துன்பப்பட்ட சகோதரனுக்கும், எட்டு மணி தொழிலுக்கு, எட்டு மணி ஓய்வுக்கும் தூக்கத்துக்கும்.

எட்டு மணி வேலை! கேட்க எவ்வளவு இனிப்பாக இருக்கிறது! இதைக் கதவுக்கு உள்ளே சொன்னவர்கள், வெளியே தங்கள் ஆலைக் கேட்டில் எழுதிப் போட்டார்களா? அந்த உபதேசம் எந்த ஆலைச் சங்கையாவது ஒரு மணி முன்னால் ஊதவைத்ததா?

எட்டு மணி வேலையைக் கொண்டுவந்தவர்களும் கொத்தர்கள்தான். ஆனால் நிஜக் கொத்தர்கள். 1856 ஏப்ரல் 21-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தில், சர்வகலாசாலைக் கட்டிடத்தில் வேலை செய்துகொண்டிருந்த கல்தச்சர்கள் கருவியைக் கீழே வைத்தார்கள். பார்லிமெண்டு கட்டிடத்துக்கு ஊர்வலம் போனார்கள். கூலி குறையாமல் எட்டு மணி வேலை பெற்றார்கள். அளவுகோலைக் கழுத்தில் மாட்டியவன் எட்டு மணி நேரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தான். அளவுகோலைக் கையில் பிடித்தவன் அதை வாங்கிக் காட்டினான்.

ஐந்து நிமிஷத் தரித்திரம்

புது அங்கத்தினரைச் சேர்க்கிற சடங்கைப் பாருங்கள். முதலில் இரண்டு பேர் சிபாரிசு வேண்டும். பிறகு உருண்டை போட்டு ஓட்டு எடுப்பார்கள். கறுப்பு உருண்டை விழுந்தால் வாசலோடு சரி. ஏன் வேண்டாம் என்று எவரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

தேறியவரின் கண்ணைக் கட்டுவார்கள். கழுத்தில் கயிறு மாட்டுவார்கள். சட்டையை ஒரு பக்கம் திறந்து, கால்சட்டையை ஒரு கால் சுருட்டிவிடுவார்கள். பையிலிருக்கும் காசு, மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள். பிறகு, "ஏழைகளுக்கு ஏதாவது கொடு" என்று கேட்பார்கள். கொடுக்கக் கையில் காசிருக்காது. "பார்த்தாயா, வறுமை என்றால் இதுதான், இதை மறவாதே" என்று புத்தி சொல்வார்கள். சடங்கு முடிந்ததும் காசு, மோதிரம், கடிகாரம் எல்லாம் திரும்பி வந்துவிடும். அதன் பின் விருந்து!

தோழர்களே, சட்டைப் பையில் காசு இல்லாமல் நிற்பது எப்படி என்று தெரிந்துகொள்ள இவ்வளவு ஏற்பாடு! அறுவடை இல்லாத மாதத்தில் எந்தக் கூலிக்காரன் வீட்டுக்குப் போனாலும் தெரிந்துகொள்ளலாமே! அங்கே காசைத் திருப்பிக் கொடுக்க யாரும் கதவுக்குப் பின்னால் காத்திருக்கவில்லை.

அவர்கள் தர்மம் செய்கிறார்கள், ஆஸ்பத்திரி கட்டுகிறார்கள், அநாதைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்கிறார்கள் என்பார்கள். செய்கிறார்கள், இல்லை என்று யார் சொன்னது? தர்மம் கொடுப்பவன் இஷ்டம். கூலி உழைத்தவன் உரிமை. வலது கையால் கூலியைக் குறைத்துவிட்டு இடது கையால் தர்மம் போடுகிறவனை எந்த ஊரில் சகோதரன் என்கிறார்கள்?

அவர்களுடைய மூன்றாம் படிச் சடங்குக்கு ஒரு கதை உண்டு. சாலொமோன் ராஜா கோயில் கட்டும்போது ஹிராம் என்று ஒரு தலைமைச் சிற்பி இருந்தாராம். மேஸ்திரிகளுக்கு மட்டுமே தெரிந்த ரகசியச் சொல் ஒன்று அவரிடம் இருந்ததாம். அது தெரிந்தால்தான் மேஸ்திரிக் கூலி கிடைக்கும். மூன்று தொழிலாளிகள் காலம் வருமுன்பே அதைக் கேட்டு மிரட்டினார்களாம். அவர் சொல்லவில்லை என்று கொன்றுவிட்டார்களாம். அதிகக் கூலி கேட்ட தொழிலாளி கொலைகாரன். மேல்நிலையில் இருந்தவர் தியாகி! இப்படி ஒரு கதையைக் கூலி வாங்குகிறவன் கட்டுவானா, கூலி கொடுக்கிறவன் கட்டுவானா?

இந்தக் கொலைக் கதை பைபிளில் இல்லை. பைபிளில் இருப்பது வேறு. அந்தக் கோயில் வேலைக்குக் கட்டாய ஊழியத்தில் பிடித்தவர்கள் 30,000 பேர். சுமை சுமந்தவர்கள் 70,000 பேர். மலையில் கல் வெட்டியவர்கள் 80,000 பேர். ராஜா செத்தபின் ஜனங்கள் அவன் மகன் ரெகொபெயாமிடம் போய்ப் பாரத்தைக் குறைக்கச் சொல்லி முறையிட்டார்கள். இன்னும் கூட்டுவேன் என்றான் அவன். கட்டாய ஊழியத்துக்கு அதிகாரியாயிருந்தவனை அனுப்பியபோது ஜனங்கள் கல்லெறிந்தே கொன்றுவிட்டார்கள். 80,000 கல் வெட்டிகளின் கதையை விட்டுவிட்டு ஒரு சிற்பிக்காக மட்டும் அழுகிறது லாட்ஜ்!

ஒரே சத்தியம், இரண்டு நீதி

எல்லாவற்றையும்விடப் பெரிய அக்கிரமம் இனிமேல்தான் வருகிறது. விவசாயத் தொழிலாளித் தோழர்கள் இதைக் கவனமாகப் படிக்கவேண்டும்.

1799 ஜூலையில் இங்கிலாந்து பார்லிமெண்டு இரண்டு சட்டங்கள் போட்டது. ஒன்று, கூலி உயர்வுக்காகத் தொழிலாளிகள் ஒன்றுசேர்வதைத் தடுத்தது. மற்றது, ரகசியப் பிரமாணம் செய்கிற சங்கங்களைத் தடுத்தது. ஆனால் இரண்டாவது சட்டத்தில் ஒரு சலுகை. பிரீமேசன் லாட்ஜுகள் வருஷத்துக்கு ஒருமுறை அங்கத்தினர் பட்டியலைக் கொடுத்துவிட்டால் போதும். அவர்கள் ரகசியமாகக் கூடலாம், சத்தியமும் செய்யலாம்.

1824-இல் போராட்டத்தின் பயனாகத் தொழிற்சங்கத் தடை நீங்கியது. டார்செட் ஜில்லாவில் டால்பட்டில் என்ற சின்னக் கிராமம். பண்ணை வேலைக்காரர்களின் வாரக் கூலி 9 ஷில்லிங்கிலிருந்து 8 ஆயிற்று, 7 ஆயிற்று. இனிமேல் 6 என்றார்கள் பண்ணையார்கள். ஜார்ஜ் லவ்லெஸ் முதலியோர் 1833-இல் சங்கம் வைத்தார்கள். அந்தக் காலத்துத் தொழிற்சங்க வழக்கப்படி, சேர வருகிறவன் கண்ணைக் கட்டி, எலும்புக்கூட்டுப் படத்தைக் காட்டி, பைபிளைத் தொட்டுச் சத்தியம் வாங்கினார்கள்.

1834 பிப்ரவரியில் ஆறு பேரைக் கைது செய்தார்கள். சங்கம் வைத்தது குற்றம் என்று சொல்ல முடியவில்லை. சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே மாலுமிகளின் கலகத்தை ஒடுக்க 1797-இல் போட்ட ரகசியப் பிரமாணச் சட்டத்தைத் தேடி எடுத்தார்கள். கண்ணைக் கட்டிச் சத்தியம் வாங்கியது குற்றம்! ஆறு பேருக்கும் ஏழு வருஷம் நாடுகடத்தல். கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியக் கைதிக் குடியேற்றங்களுக்கு அனுப்பினார்கள்.

அதே 1834-இல் இங்கிலாந்துப் பிரீமேசன்களுக்குப் பெரிய தலைவர் யார்? மன்னர் நாலாம் வில்லியத்தின் தம்பி சசெக்ஸ் கோமகன்! கண்ணைக் கட்டினது அங்கேயும் உண்டு, சத்தியம் அங்கேயும் உண்டு. ரகசியத்தை வெளியிட்டால் தொண்டையை அறுக்கலாம் என்கிற பயங்கரமான சத்தியம்! அந்த வாசகத்தை இங்கிலாந்து லாட்ஜுகள் பிரமாணத்திலிருந்து எடுத்தது 1986-இல்தான். மன்னர் தம்பிக்கு எந்தக் கப்பல் வந்தது?

கோமகன் சத்தியம் செய்தால் பண்பாடு. கூலிக்காரன் சத்தியம் செய்தால் குற்றம். இதுதான் வர்க்க நீதி என்பது.

உழைப்பாளி மக்கள் பொறுத்திருக்கவில்லை. 1834 ஏப்ரல் 21-இல் லண்டன் கோபன்ஹேகன் மைதானத்தில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். மனுக்கள் பறந்தன. இரண்டு வருஷம் விடாமல் போராடினார்கள். 1836-இல் சர்க்கார் ஆறு பேருக்கும் முழு மன்னிப்பு வழங்க வேண்டியதாயிற்று. அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்தது எந்த ரகசியச் சொல்லும் அல்ல. பட்டப்பகலில் திறந்தவெளியில் கூடிய கூட்டம்!

உள்ளே சகோதரன், வெளியே சலாம்

நம் நாட்டுக்கும் இந்தச் சங்கம் கம்பெனிக் கப்பலில் வந்தது. 1730-ஐ ஒட்டிக் கல்கத்தாவில் லாட்ஜ், 1752-இல் சென்னையில் லாட்ஜ். 1770-களில் ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமராவைத் திருச்சியில் சகோதரனாகச் சேர்த்துக்கொண்டார்கள். நவாப் வீடு வெள்ளைக்காரர்களிடம் வட்டிக்கு வாங்கி மூழ்கிக் கிடந்த காலம் அது. அந்த வட்டி எங்கிருந்து போயிற்று? நம் குடியானவன் களத்து நெல்லிலிருந்து போயிற்று. 1801-இல் இந்த உம்தத்-உல்-உமரா செத்ததும் கம்பெனி கர்நாடக ராஜ்யத்தையே எடுத்துக்கொண்டது. சகோதரத்துவம் நாட்டை மீட்டுத் தரவில்லை.

நவாப் பிள்ளைக்குத் திறந்த கதவு எல்லோருக்கும் திறந்ததா? கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்ற இந்து 1863-இல் மனுப் போட்டார். இந்துக்களைச் சேர்க்கலாமா கூடாதா என்று வாதம் நடந்தது. 1872-இல்தான் அவருக்குக் கதவு திறந்தது. அமெரிக்காவில் பிரின்ஸ் ஹால் என்ற நீக்ரோத் தலைவரும் தோழர்களும் 1775-இல் ராணுவ லாட்ஜ் ஒன்றில் சேர்ந்தார்கள். வெள்ளையர் லாட்ஜுகள் அவர்களைச் சகோதரர்களாக ஏற்கவில்லை. தனி லாட்ஜ் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 1989-இல் கனெக்டிகட் மாநிலத்தில்தான் இரு தரப்பும் ஒருவரை ஒருவர் அங்கீகரிக்கும் ஏற்பாடு தொடங்கியது. மட்டப்பலகையைத் தொட்டுச் சமத்துவம் பேசியவர்களுக்கு ஒரு மனிதனின் நிறத்தைத் தாண்ட இருநூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று!

ஏகாதிபத்தியக் கவிஞர் கிப்ளிங் 1886-இல் லாகூரில் சேர்ந்தவர். வெளியே இருக்கும்வரை சலாம், துரை. உள்ளே வந்துவிட்டால் சகோதரன் என்பதை ஒரு பெருமையாகவே பாடினார். நாம் அதையே குற்றச்சாட்டாகச் சொல்கிறோம். வாசலில் கழற்றி வைத்த செருப்பு மாதிரி அந்தஸ்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறார்கள். திரும்பி வரும்போது மறக்காமல் மாட்டிக்கொள்கிறார்கள். வெள்ளைக்காரன் போனபின் 1961 நவம்பர் 24-இல் இந்தியாவுக்குத் தனிப் பெரிய லாட்ஜ் அமைந்தது. தலைவர் யார்? ராம்பூர் நவாப்!

பூதக் கதை நமக்கு வேண்டாம்

ஒன்றைத் திட்டமாகச் சொல்லிவிட வேண்டும். பிரீமேசன்கள் பேயைக் கும்பிடுகிறார்கள், யூதர்களோடு சேர்ந்து உலகத்தை ஆட்டிவைக்கிறார்கள் என்ற புளுகை நாம் ஒப்புக்கொள்வதில்லை. அது ஹிட்லரின் சரக்கு. ஹிட்லர் லாட்ஜுகளை மூடினான். பிராங்கோ 1940-இல் பிரீமேசன்களையும் கம்யூனிஸ்டுகளையும் ஒரே சட்டத்தில் கட்டி வேட்டையாடினான். 1925-இல் முசோலினி ரகசியச் சங்கங்களை ஒழிக்கிறேன் என்று மசோதா கொண்டுவந்தபோது, இத்தாலியப் பார்லிமெண்டில் தோழர் கிராம்ஷி எழுந்து எதிர்த்துப் பேசினார். பெயர் பிரீமேசனுக்கு, அடி தொழிலாளிக்கு என்று எச்சரித்தார். அடுத்த வருஷமே அவரே சிறைக்குள் போனார்.

நல்லவர்களும் அதில் இருந்தார்கள். 1871 ஏப்ரல் 29-இல் பாரிஸ் கம்யூனை வெர்சேல்ஸ் படை சுட்டுக்கொண்டிருந்தபோது, பாரிஸ் பிரீமேசன்கள் கொடிகளோடு ஊர்வலமாகப் போய்க் கோட்டைச் சுவரில் அவற்றை நட்டார்கள். அதை நாம் மறக்கமாட்டோம். அன்று அவர்கள் கதவைத் திறந்து தெருவுக்கு வந்தார்கள். அதனால்தான் சரித்திரம் அவர்களை நினைக்கிறது.

கதவு மூடியே இருந்தால் என்ன நடக்கும்? 1981 மார்ச்சில் இத்தாலியில் லீசியோ ஜெல்லி என்பவரின் இடத்தில் போலீஸ் சோதனை போட்டது. "பி-2" என்ற ரகசிய லாட்ஜின் பட்டியல் அகப்பட்டது. 962 பெயர்கள்! மந்திரிகள், ராணுவத் தளபதிகள், உளவுப்படைத் தலைவர்கள், பாங்கு முதலாளிகள், பத்திரிகை அதிபர்கள். மந்திரிசபையே கவிழ்ந்தது. இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. அதிகாரமும் பணமும் படைத்தவர்கள் ஜனங்களுக்குத் தெரியாமல் ஓர் அறையில் கூடினால் எதைப் பேசுவார்களோ அதைப் பேசினார்கள்.

இதனால்தான் 1922-இல் கம்யூனிஸ்டு அகிலத்தின் நாலாவது காங்கிரஸ் பிரெஞ்சுக் கட்சிக்குக் கண்டிப்பாகச் சொன்னது: அடுத்த ஜனவரி முதல் தேதிக்குள் லாட்ஜிலிருந்து விலகு, இல்லாவிட்டால் கட்சியில் இடமில்லை. ஆலை முதலாளியோடு இரவில் "சகோதரா" என்று கைகுலுக்குகிறவன், காலையில் ஆலை வாசலில் அவனை எதிர்த்து எப்படி நிற்பான்?

கருவி கையில் இருக்கட்டும்

தோழர்களே! இது ஏதோ சீமைக் கதை என்று விட்டுவிடாதீர்கள். ஒரு சங்கம் எப்படிச் செத்தது என்கிற கதை இது. பெயர் மாறவில்லை, கருவி மாறவில்லை, சத்தியம்கூட மாறவில்லை. கூலிப் பேச்சு மட்டும் நின்றது. அது நின்ற இடத்தில் உழைப்பாளி வெளியே போனான், மிச்சமெல்லாம் நகையாயிற்று.

நம்முடைய கொடியில் இருக்கிற அரிவாளும் கருவிதான், சுத்தியும் கருவிதான். அவற்றைச் சட்டையில் குத்திக்கொண்டு, ஆண்டுவிழாவுக்கு மாலை போட்டுவிட்டு, பாக்கிக் கூலி வசூலிக்க ஆள் இல்லாமல் போனால் நம் சங்கமும் லாட்ஜ்தான். எந்தச் சங்கமாக இருந்தாலும் உரைத்துப் பார்க்க ஒரு கல் போதும்: கூலியைப் பற்றி அங்கே பேசுகிறார்களா? பேச்சைக் கேட்கக் கதவு திறந்திருக்கிறதா?

டால்பட்டில் கூலிக்காரர்கள் ஆறு பேர் தங்கள் சத்தியத்துக்காகக் கடல் கடந்தார்கள். அந்தச் சத்தியத்தில் ரகசியம் ஒன்றும் இல்லை: குறைந்த கூலிக்கு இறங்கமாட்டோம், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கமாட்டோம். அடுத்த சங்கக் கூட்டத்தில் அதை உரக்கவே சொல்லுங்கள். பண்ணையாருக்கும் கேட்கட்டும், ஆலை மானேஜருக்கும் கேட்கட்டும்!